முத்திரை வைக்க ஓர் ஆள்

ஏப்ரல் மாதத்தில் மாண்ட்ரியாலைப் பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் பரிதாபம்தான். வெள்ளைப் பனியும் இருக்காது, பச்சை இலையும் இருக்காது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்த காபிக் கோப்பை, ஒற்றைக் கையுறை, நாய் போட்டது எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்து கிடக்கும். அப்படியொரு வாரத்தில்தான் ஜப்பான் அக்கா வந்து இறங்கினார்.

ஜப்பான் அக்கா என்பது என் வீட்டுக்குக் கீழே குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை பிறகு வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியவர். ஜப்பானில் ஒரு நடுத்தர ஊரின் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர் பிரிவில் அலுவலர். அங்கே மேலிடத்துக்கு ஒரு கவலை: வெளிநாட்டு மாணவர்கள் போதுமான அளவு வருவதில்லை, வந்தவர்களும் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகளை எப்படி வரவேற்று வைத்துக்கொள்வது என்று பார்த்துவிட்டு வா என்று இவரை ஒரு வருடத்துக்கு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் என்றால், நான் முதுகலை படித்துக்கொண்டே பகுதி நேரமாக வேலை பார்த்த மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம்.

இவரைக் கூட்டிக்கொண்டு அலைய ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் பொறுப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். எதற்கும் முதலில் கை தூக்குவது என் வழக்கம்தான். ஆனால் இதில் காரணமும் இருந்தது. கோயம்புத்தூரில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் அதே மாதம் அதே ஜப்பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே அவளுக்கு ஏதாவது பிரச்சினை என்றால் தெரிந்த ஆள் ஒருவர் கையில் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது சரியாக வர ஒரு வருடம் ஆகும் என்றுதான் தெரியவில்லை.

முதல் மாதங்களில் அவர் எங்கள் அலுவலகத்தைப் பார்த்தார். பார்த்தார் என்றால் சும்மா இல்லை. கதவுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய சோபாவையே ஒரு வாரம் பார்த்தார். மாணவர்கள் வந்து அதில் சாய்வார்கள், சிலர் தூங்குவார்கள், ஒரு மொராக்கோ பையன் தினமும் மதியச் சாப்பாட்டை அதில்தான் முடிப்பான்.

"இதை இங்கே போட யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. ஜூலை ஒண்ணாம் தேதி ஊரே வீடு மாறும். அப்போ தெருவில் போட்டுட்டுப் போனாங்க. நாங்க இழுத்துட்டு வந்துட்டோம்."

"பல்கலைக்கழகத்துக்குள்?"

"ஆமாம்."

"தீயணைப்புப் பிரிவுக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தங்கள் கட்டடத்தில் நடைபாதையில் இரண்டு நாற்காலி போட வேண்டும் என்று கேட்டு, அது முடிவதற்குள் அதைக் கேட்ட மாணவன் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான் என்றார். குறை சொல்கிற குரலே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

என் தோழி அடிக்கடி போன் செய்வாள். அவளுக்கு ராத்திரி, எனக்குக் காலை. முதல் ஆறு மாதமும் அவள் பேச்சு முழுக்க வரவேற்பு பற்றித்தான்.

"மறுபடியும் பட்டுப்புடவை கட்டினேன்டி. இந்தத் தடவை ஒரு ஸ்கூல்ல. குழந்தைங்க வரிசையா வந்து புடவையைத் தொட்டுப் பார்த்தாங்க. யானையில ஏறித்தான் காலேஜ் போனியான்னு ஒருத்தன் கேட்டான்."

"என்ன சொன்னே?"

"இல்லப்பா, டவுன் பஸ்னு சொன்னேன். அவனுக்கு ரொம்ப வருத்தம்."

விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு வந்து நின்றார்களாம். சைக்கிள் ஓட்ட, குப்பை பிரிக்க எல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். மாதாமாதம் வரவேற்பு விருந்து. வந்து அரை வருடம் ஆனவளுக்கு எதற்கு இன்னும் வரவேற்பு என்று அவளுக்கே புரியவில்லை. ஆனாலும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள்.

அக்டோபரில் பேச்சு மாறியது. வெளிநாட்டு மாணவர் விடுதியில் ஒரு வருடம்தான் இருக்கலாம். மார்ச் கடைசியில் காலி செய்தாக வேண்டும், ஏப்ரலில் அடுத்த கூட்டம் வருகிறது. வெளியே வீடு பார்க்கப் போனால், வீட்டுத் தரகர் முதலில் கேட்பது ஜாமீன்தார் யார் என்றுதான். ஜப்பானியராக இருக்க வேண்டும், வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும், தன் பெயர் பொறித்த பதிவு முத்திரையைப் பத்திரத்தில் வைக்க வேண்டும். நீ வாடகை கொடுக்காமல் ஓடினால் அவர் கொடுப்பார். சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பா வைப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கமாகப் பேராசிரியர் வைப்பார்.

"உங்க பேராசிரியர் வைக்க மாட்டாரா?"

"முன்னாடி ஒரு பையனுக்கு வெச்சாராம். அவன் சொல்லாம கொள்ளாம போயிட்டான். மனுஷன் வீட்டுல பெரிய சண்டையாம். இனிமே யாருக்கும் வைக்கிறதில்லைன்னு தலை குனிஞ்சு மன்னிப்பு கேட்டார்டி. என்கிட்ட. எனக்கு அழுகையா வந்துச்சு."

"அப்போ மார்ச்சுக்கு அப்புறம்?"

"ஊருக்கு வரணும். இல்ல, லேப்ல படுத்துக்கணும். நான் வந்துட்டா என் செல்லுக்கெல்லாம் யாருடி தீனி போடுவா?"

அவள் கண்ணாடித் தட்டுகளில் எலும்புச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்பினால் அந்த ஆராய்ச்சி அதோடு சரி, திரும்பத் தொடங்க யாரும் இடம் கொடுக்கப் போவதில்லை.

மறுநாளே ஜப்பான் அக்காவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஆச்சரியம் அவர் முகத்தில் இல்லை. பாதியில் கிளம்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கிளம்புகிறார்கள், எங்களுக்குத் தெரியும் என்றார்.

"அப்போ நீங்களே முத்திரை வைக்கலாமே?"

"எங்கள் பிரிவில் இருப்பவர்கள் தனிப்பட்ட முறையில் எந்த மாணவருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. ஒருவருக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்ய வேண்டும். அதற்கு விதி இருக்கிறது." பிறகு கேட்டார்: "இங்கே நீங்கள் எப்படி வீடு எடுத்தீர்கள்?"

சொல்வதைவிடக் காட்டலாம் என்று சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மேல் மாடியில் நானும் இன்னும் இரண்டு பெண்களும். கீழே அண்ணையும் அவர் மனைவியும். அண்ணைக்கு சென்ட் லோரன்டில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்குக் கீழ் வீட்டில்தான் சாப்பாடு, புட்டும் மீன் குழம்பும். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"இந்த வீட்டை எனக்கு யார் எடுத்துக் கொடுத்தாங்கன்னு கேக்கிறாங்க அண்ணை."

"ஆர், நான்தான். மேல வீடு காலியாகுதெண்டு கேள்விப்பட்ட உடன கிரேக்கக் கிழவனிட்டப் போய்ச் சொன்னனான். படிக்கிற பிள்ளையள், சத்தம் போடாதுகள், நான் பொறுப்பெண்டு."

"வீட்டுக்காரர் நம்பிவிட்டாரா?" என்று ஜப்பான் அக்கா கேட்டார்.

"எத்தினை வருசமா அந்தாளின்ர படியில நான்தான் பனி வழிக்கிறன். நம்பாமல்?"

"எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்?"

"கையெழுத்தோ? கை குடுத்தனாங்கள். அவ்வளவுதான்."

"இவர்கள் வாடகை கொடுக்காவிட்டால்?"

"மேல போய்க் கதவைத் தட்டுவன். திறக்காட்டி இவவை அனுப்புவன்" என்று மனைவியைக் காட்டினார்.

அண்ணையின் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நான் போனா வாடகையோட என்ர புட்டுக்குழலையும் வாங்கிக்கொண்டுதான் வருவன். தங்கச்சி கொண்டு போய் மாசமாச்சு."

இதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஜப்பான் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் தங்கியிருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில், ஒரு குடும்பத்தோடு. மெட்ரோவில் மஞ்சள் தட ரயிலுக்கு மாறுகிற இடம் வரை கூடப் போனேன். மேடையில் நின்றுகொண்டு, அந்த அண்ணை செய்ததை எங்கள் ஊரில் பல்கலைக்கழகமே செய்ய வேண்டும் என்றார். ஜாமீன்தார் இடத்தில் பேராசிரியர் முத்திரை வேண்டாம், பல்கலைக்கழகத்தின் முத்திரை. விடுதியை விட்டுப் போகிற எல்லா வெளிநாட்டு மாணவருக்கும். நான் அந்த மேடையிலேயே குதித்தேன். திங்கட்கிழமை எழுதிவிடலாம், செவ்வாய்க்கிழமை அனுப்பிவிடலாம், தோழியிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று பேசிக்கொண்டே போனேன். ரயில் வந்தது. ஏறுவதற்கு முன், தோழியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

எழுதியது என்னவோ திங்கட்கிழமைதான். ஒரே பக்கம். அதன் பிறகு நடந்ததுதான் குளிர்காலம்.

அந்த ஒரு பக்கத்தை அவர் கணக்குப் பிரிவின் தலைவருக்கு அனுப்பினார். அவர் பதில் வந்த பிறகு சட்டப் பிரிவுக்கு. பிறகு விடுதிப் பிரிவுக்கு. ஒவ்வொருவரும் ஒரு சந்தேகம் கேட்பார், ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். மாற்றியதை முதலில் சரி என்று சொன்னவருக்குத் திரும்பவும் காட்ட வேண்டும். மாணவர் சுகாதார மையத்துக்குக்கூட ஒன்று போனது.

"டாக்டருக்கு எதுக்கு? வாடகைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லை. கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று கேட்பார்."

"மார்ச்ல முடிவெடுக்கிற கூட்டம் இருக்குதே, அதில் எல்லாரும் இருப்பாங்களே. அங்கேயே பேசிக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் செருப்புக் காலோடு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல ஒரு தவிப்பு. "கூட்டத்தில் பேசுவதா? எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதானே கூட்டம்?"

டிசம்பரில் நான் அவர்கள் துணைவேந்தருக்கே நேராக ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பட்டுமா என்று காட்டினேன். ஜப்பான் அக்கா அதைக் கவனமாகப் படித்தார், ஆங்கிலம் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார், அனுப்ப வேண்டாம் என்றார். நம் ஊர் அரசாங்க அலுவலகத்தில் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இதில் அப்படி யாரும் தட்டிக்கழிக்கவில்லை. எல்லாரும் உண்மையாகவே படித்தார்கள், உண்மையாகவே சந்தேகம் கேட்டார்கள். அதுதான் அலுப்பு. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்குப் பாதி களைப்பு குறைந்திருக்கும்.

ஜனவரியில் மெட்ரோவிலிருந்து அலுவலகம் வரை நடப்பதற்குள் மூக்கு மரத்துவிடும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தால் அவர் எனக்கு முன்னாலேயே வந்து, ராத்திரி ஜப்பானிலிருந்து வந்த பதிலைத் திறந்து வைத்திருப்பார். 'செய்யும்' என்பதை 'செய்யக்கூடும்' ஆக்க வேண்டும். ஆக்குவோம். மறுநாள், 'செய்யக்கூடும்' தெளிவாக இல்லையாம். எந்தச் சொல் யாருக்காக வந்தது என்று எனக்கு மறந்துபோனது. என் ஆய்வேடு மேசையின் மறுபக்கத்தில் தொடாமல் கிடந்தது. தோழி போன் செய்து, "உங்க அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "போயிட்டிருக்குடி" என்பேன். அவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள். பிப்ரவரியில் அவள் அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

மார்ச் தொடக்கத்தில் கடைசி ஆளும் ஒத்துக்கொண்டார். தீயணைப்புப் பிரிவோ என்னவோ, நான் கேட்கவில்லை. இனி கூட்டம் மட்டும்தான், அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மாதக் கடைசிக்குள் முத்திரை கிடைக்கும் என்றார் ஜப்பான் அக்கா. அவரே சொன்னதால் தோழிக்குச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம், நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஜப்பான் அக்கா அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், மருந்து வாங்கும் கணக்குப் பிரிவு."

எனக்குப் புரியவில்லை. ஒரு வருடம் செலவழித்து வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிப் படிக்க அனுப்பியவர்கள், திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா? தங்கள் ஊரில் அலுவலர்கள் எல்லாரும் சில வருடங்களுக்கு ஒருமுறை இப்படித்தான் மாறுவார்கள், தன் முறை வந்துவிட்டது என்றார். எல்லா வேலையும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவாம்.

"முடியாதுன்னு சொல்லலாமே?"

"யாரிடம்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல இருந்தது.

"சரி, கூட்டம்?"

"அந்த விஷயத்தைக் கூட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்தானே அதைச் செய்ய வேண்டும்? அவரைக் கேட்காமல் அவர் தலையில் கட்டுவது மரியாதை இல்லை. அவர் வந்து பார்த்துவிட்டு..."

ஒத்துக்கொண்ட அத்தனை பேரும் இவரிடம் ஒத்துக்கொண்டவர்கள். புதியவர் முதல் வாசலிலிருந்து ஏறி இறங்க வேண்டும். நான் கத்தியிருக்கலாம், வழக்கமாகக் கத்துகிற ஆள்தான். கத்தத் தெம்பு இல்லை. கோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மொராக்கோ பையன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வேறு எங்கோ போனான்.

தோழியிடம் நான்தான் சொன்னேன். "சரி விடு" என்றாள். "டிக்கெட் விலை பார்த்து வெச்சிருக்கேன். லேப்ல இருக்கிற பொண்ணு ஒரு வாரம் அவ ரூம்ல இருந்துக்கன்னு சொன்னா. தட்டையெல்லாம் கழுவி வெச்சுட்டுக் கிளம்பறேன்." கழுவுவது என்றால் செல்களைக் கொட்டுவது.

மாதக் கடைசியில் ஜப்பான் அக்கா ஊருக்குக் கிளம்பினார். அண்ணையின் மனைவி ஒரு பை நிறைய மிக்சரும் பயத்தம் பணியாரமும் கொடுத்தனுப்பினார். அண்ணை என்னிடம் மட்டும், "இனி இவவுக்கு ஆஸ்பத்திரியிலயோ வேலை? மருந்துக் கணக்குப் பாக்கிறதுக்கோ இந்தக் குளிருக்க இவ்வளவு தூரம் வந்தவ?" என்று கேட்டார். நான் ஓம் அண்ணை என்றேன். அந்த ஒரு வருடத்தில் எனக்கும் ஓம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலை தோழியின் போன்.

"உங்க ஜப்பான் அக்கா வந்தாங்கடி. லேப்புக்கே. கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்குது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்திருக்காங்க. வா, தரகர்கிட்ட போலாம்ங்கிறாங்க. கையில முத்திரை, அதைப் பதிவு பண்ணின சான்று, எல்லாம் தயாரா இருக்கு."

"விதி இருக்குதே?"

"அதையேதான் நானும் கேட்டேன். நான் இப்போ அந்தப் பிரிவுல இல்ல, அதனால வைக்கலாம்னு சொன்னாங்க. சிரிக்கவே இல்ல."

தரகர் பத்திரத்தை எடுத்து வைத்தார். ஜப்பான் அக்கா சிவப்பு மையில் முத்திரையை ஒற்றி, அழுத்தி எடுத்தாராம். ஆற்றோரம் ஒரு மாடி அறை, ரயில் போனால் ஜன்னல் அதிரும். தோழி டிக்கெட் எடுக்கவில்லை. தட்டுகளும் கொட்டப்படவில்லை. தரகர் கடை வாசலில் ஒரே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாராம் ஜப்பான் அக்கா, யார் முத்திரை வைத்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் விடுதியே அவர் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். இவருக்கு இருப்பது ஒரு சம்பளம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடிக் களைத்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் குடிக்கக்கூடத் தோன்றாதே, அப்படி ஒரு சந்தோஷம். அவளை வாழ்த்திவிட்டுப் போய்ப் படுத்தேன், காலை பத்து மணிக்கு.

மே மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜப்பான் அக்காவின் இடத்துக்கு வந்த புதியவர். இதுவரை நூலகத்தில் புத்தகம் வாங்கும் பிரிவில் இருந்தாராம், வெளிநாட்டு மாணவர் விஷயம் ஒன்றும் தெரியாதாம், மன்னிக்க வேண்டுமாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் தங்குவதற்கு வீடு எப்படிப் பார்க்கிறார்கள் என்று அடிப்படையிலிருந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். நாங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம் அவரிடம் இருக்கிறதா என்று அதில் தெரியவில்லை. நான் பதில் போடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த மின்னஞ்சலைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

பிறகு ஒருநாள் தோழி கூப்பிட்டாள். அவள் குரல் சரியில்லை.

"லேப்புக்குப் புதுசா ஒரு வங்காளதேசத்துப் பொண்ணு வந்திருக்காடி. நல்ல பொண்ணு. இப்பவே பயப்படறா, ஒரு வருஷம் கழிச்சு எங்கே போறதுன்னு. உனக்கு ரூம் எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"வீட்டுக்காரர் நல்லவர்னு சொன்னேன்."

"சரிதானே."

"அவ வீட்டுக்காரர் அட்ரஸ் கேட்டா. நாளைக்கும் கேப்பா. நான் என்னடி சொல்லட்டும்?"

அவள் போன் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. நான் கணினியைத் திறந்து, அந்த நூலகத்து மனிதரின் மின்னஞ்சலைத் தேடி எடுத்து, வணக்கம், தாமதத்துக்கு மன்னிக்கவும், முதலில் ஜாமீன்தார் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். உங்கள் சுகாதார மையத்து டாக்டரையும் மறக்காமல் கேட்டுவிடுங்கள் என்று அதிலேயே எழுதினேன்.